இடுப்பிலிருந்த இரும்பு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை செய்த குடும்பங்களுக்குத் துவக்கு என்பது ஒரு காலத்தில் வீட்டுச் சாமான்களுள் ஒன்றாகவே இருந்தது. போடியார் வீட்டு நடுச்சுவரில் மான்கொம்பின் மேல் சார்த்தியோ, வட்டைக்குள்ளே காவல் வாடியின் முகட்டில் கட்டியோ வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கை ஊரார் அனைவரும் அறிவர். அது யாருடைய பாட்டன் வாங்கியது, எந்த மாரியில் எத்தனை பண்டியை விழுத்தியது, அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க அவர் வருடந்தோறும் எப்போது கச்சேரிக்குப் போவார் என்பதெல்லாம் ஊர்ப்பேச்சாகவே இருந்தன. எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த காரணத்தினாலேயே அந்த ஆயுதத்தைப் பற்றி எவருக்கும் பெரிய அச்சம் இருக்கவில்லை. யானைக்கும் பண்டிக்கும் எதிராகப் பயிரைக் காப்பதற்கென்று சர்க்கார் கொடுத்த அனுமதி அது. மனிதனுக்கு எதிராக மனிதன் மறைத்துச் சுமக்கும் ஆயுதம் என்ற எண்ணம் எங்கள் பகுதிச் சனங்களுக்கு வெகுகாலம் அந்நியமாகவே இருந்தது.

என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அந்த அந்நியமான ஆயுதத்தோடுதான் கழிந்தது. அமிர்தகழியில் பிறந்து, பொலிஸ் சேவையிற் சேர்ந்து, சில ஆண்டுகள் நிலையக் கடமை பார்த்த பின்னர், பிரமுகர்களுக்கு மெய்ப்பாதுகாவலராகச் சிவில் உடையில் நிற்கும்படி நியமிக்கப்பட்டேன். ஆரம்பத்தில் என் கைக்கு வந்தது ஆறு ரவைகள் கொள்ளும் பொயின்ற் முப்பத்தெட்டு ரிவோல்வர். பிற்காலத்தில் ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல்கள் வந்தன. எந்தெந்தப் பிரமுகருக்குக் காவல் நின்றேன் என்பதை எழுதுவது இத்தொழிலின் மரபன்று. ஆகையால் அவர்களை விட்டுவிட்டு, அந்த இரும்போடு நான் எப்படிச் சீவித்தேன் என்பதை மாத்திரம் சொல்லுகிறேன்.

சினிமாப் பார்த்துப் பழகியவர்கள் இந்தத் தொழிலின் சாமர்த்தியம் முழுவதும் துப்பாக்கியை உருவும் வேகத்திலே இருப்பதாக நினைக்கிறார்கள். உருவுவது ஒரு கணம். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கணம் ஆயுளில் வருவதேயில்லை. சுமப்பதோ நாள் முழுவதும் நடக்கிற காரியம். பாதிச் சாமர்த்தியம் இடுப்புப்பட்டியிலேயே இருக்கிறது என்று சொன்னால் எவரும் சிரிப்பார்கள். ரவைகள் நிரப்பிய ஒரு பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ நிறையிருக்கும். கடைகளில் விற்கும் மெல்லிய பட்டியில் அதைச் செருகினால், அரைமணி நேரத்திற்குள் ஒரு பக்கம் தொய்ந்து, நடக்கும்போது ஆடி, மறைந்திருக்க வேண்டிய பொருளைத் தானே விளம்பரப்படுத்தத் தொடங்கிவிடும். தடித்த விறைத்த தோற்பட்டி வேண்டும். அதிற் கோத்த உறையும் விறைப்பாகவே இருக்க வேண்டும். உறையின் முதற்கடமை துப்பாக்கியை மறைப்பதன்று, விசையை மூடுவது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். பழகிப் பழகித் தளர்ந்துபோன தோலுறையின் வாய் மடிந்து விசைக்காப்பினுள் நுழைந்துகொள்ள, அது தெரியாமல் துப்பாக்கியை உள்ளே அழுத்தினால், விரலே படாமல் வெடி தீர்ந்துவிடும். உறையில்லாமல் சாரத்துக்குள்ளோ காற்சட்டைக்குள்ளோ செருகிக்கொள்கிறவன் தன் துடையையும் அதனுள் ஓடுகிற பெரிய இரத்தக் குழாயையும் பணயமாக வைத்து நடக்கிறான். முதுகின் நடுவிலே செருகிக்கொள்ளும் வழக்கமொன்றும் சிலரிடம் இருந்தது. பார்ப்பதற்கு அது நன்றாக மறையுமென்றாலும், மோட்டார் சைக்கிளிலிருந்து மல்லாந்து விழுந்தால் அந்த இரும்பு முள்ளந்தண்டை உடைக்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பது அவனுடைய கைதான். புதிதாகச் சுமப்பவன் ஒவ்வொரு நிமிடமும் அது அங்கே இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறான். சட்டையைக் கீழே இழுத்துவிடுகிறான். கதிரையிலிருந்து எழும்பும்போது முழங்கையால் அழுத்திக்கொள்கிறான். துரோகம் செய்ய வருகிறவனுடைய கண் முதலில் தேடுவதும் இந்தத் தடவலைத்தான். என்னிடமிருந்த அந்தப் பழக்கத்தை நீக்கியவர் எந்தப் பயிற்சி அதிகாரியுமல்லர். எங்கள் தெருவிலே, ஒரு சாவீட்டில், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமி ஒருத்திதான்.

"என்ன மனே, இடுப்பு நோகுதா? வந்ததில இருந்து கை அங்கதானே கிடக்கு" என்றா.

"ஒண்டுமில்ல மாமி."

"மறுகா கைய எடுத்துப்போட்டு இரி. பாக்கிற சனமெல்லாம் அங்கதான் பாக்குதுகள்."

அதைவிடத் தெளிவான பாடத்தை நான் எங்கும் கேட்டதில்லை. அன்றிலிருந்து கைகளை முன்னாலே கட்டிக்கொண்டோ, ஒரு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டோ நிற்கப் பழகினேன். சொந்த ஊரிலே சிவில் உடையில் நிற்பது ஒரு வேடிக்கை. சேட்டுக்குள்ளே இருப்பதை மறைக்கலாம், நான் பொலிஸ்காரன் என்பதை யாரிடம் மறைப்பது? சிறு பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறுவதுதான் இன்னும் பெரிய சங்கடம். பாயிலே சப்பணமிட்டு இருந்தால் உறையின் முனை சேட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆகையால் விருந்து வீடுகளில் நான் பந்தியில் இருப்பதில்லை, வயிற்றுக்கோளாறு என்று சொல்லி நின்றபடியே ஒரு கோப்பைத் தேநீரோடு முடித்துக்கொள்வேன். எனக்கு நாட்பட்ட வயிற்றுவலி என்றே உறவினரிற் பலர் இன்றும் நம்புகிறார்கள்.

எல்லாவற்றிலும் கடினமான இடம் கோயில். எங்கள் மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இராமபிரான் பூசித்த தலமென்று வழிவழியாகச் சொல்லப்படும் அவ்விடத்திற்கு, தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் தீர்ப்பதற்காகக் கீழ்மாகாணம் முழுவதிலுமிருந்து வந்து கூடுவார்கள். குளத்தின் படிகளில் கால் வைக்க இடமிராது. வீதி நெடுகக் கடைகள். அவற்றிலே பிளாஸ்டிக்கில் விளையாட்டுத் துவக்குகளும் தொங்கும். வாங்கிக் கொடுத்த தகப்பன்மாரைப் பிள்ளைகள் முதலிற் சுட்டு மகிழும். அந்தச் சனத்திரளினுள்ளே ஒரு பிரமுகர் தீர்த்தமாட வந்துவிட்டார் என்றால் காவலாளியின் கதி என்ன? ஆண்கள் மேலாடையைக் களைந்துவிட்டே சந்நிதிக்குள் போக வேண்டும். பத்து மாதம் சேட்டுக்குள்ளே பாதுகாத்த இரகசியத்தைச் சேட்டோடு கழற்றி வைப்பதெங்கே? வாகனத்தில் விட்டுச் செல்லலாகாது. ஆளில்லாத வாகனத்தில் ஆயுதத்தை விடுவது களவு கொடுப்பதற்குச் சமம். சாரதியிடம் கொடுக்கலாகாது, அவர் பெயரில் அது பதியப்படவில்லை.

நாங்கள் கண்டுபிடித்த உபாயம் மிகவும் எளியது. வேட்டிக்கு மேலே அகன்ற கன்வஸ் பட்டியொன்றைக் கட்டி, அதிலே கன்வஸ் உறையைத் தைத்து, அதற்கு மேலே சால்வையை இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்வோம். சந்நிதியில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொள்வது மரியாதையின் அடையாளமாகையால் எவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கன்வஸைத் தெரிந்தெடுத்ததற்கும் ஒரு காரணமுண்டு: செத்த மாட்டின் தோலைக் கட்டிக்கொண்டு மூலஸ்தானத்தின் முன் நிற்க என் மனம் ஒப்பவில்லை. இரும்பைக் கொண்டு போனவனுக்குத் தோல் மட்டும் ஆகாமற் போனதேன் என்று யாரும் கேட்டால் என்னிடம் நியாயமான விடை கிடையாது. சால்வைக்குள்ளிருந்து எடுப்பதற்கு நேரம் அதிகம் செல்லும்; ஆனால் நெரிசலிலே வேகத்தைவிட முக்கியமானது, வேறொருவன் கை அதன்மேல் விழாமற் பார்த்துக்கொள்வது. சனம் தள்ளும்போது வலது முன்கையை உறையின்மேல் சாய்த்து, உடம்பைச் சற்றே திருப்பி, ஆயுதமில்லாத இடப்பக்கத்தைக் கூட்டத்திற்குக் கொடுத்து நிற்போம். விழுந்து கும்பிடுவதில்லை. தீர்த்தமாடுவதுமில்லை. என் தந்தையார் காலமான பின்னரும் பல ஆடி அமாவாசைகளில் நான் குளத்தின் படியில் உலர்ந்த வேட்டியோடு மற்றவர்களின் தலைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். என் பங்குக் கடனையும் தம்பிதான் செய்தான்.

இதை வெறும் சம்பிரதாயச் சங்கடமாக எடுத்துக்கொள்ளலாகாது. நம் நாட்டில் அரசியல்வாதிகள் வழிபாட்டிடங்களிலே வீழ்த்தப்பட்ட வரலாறு நீண்டது. 1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்தபோது சுடப்பட்டார். 2005 ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது, எங்கள் மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தினுள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அருகிலிருந்த அவர் மனைவியாரும் காயமடைந்தார். 2008 புதுவருட தினத்தில் கொழும்பு பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் நாடாளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் கொல்லப்பட்டார். கொலைகாரன் இவ்விடங்களைத் தெரிந்தெடுப்பது தற்செயலன்று. பிரமுகர் எந்த நேரத்தில் வருவார் என்பது அங்கே முன்கூட்டியே தெரியும். அவர் கண்களை மூடிக்கொண்டு நிற்பார். காவலாளி கூச்சத்தினால் இரண்டடி விலகி நிற்பான். சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும் இருப்பதால் அவன் திருப்பிச் சுடவும் தயங்குவான். மறைப்பதற்கு வசதியான உடை இருதரப்புக்கும் பொதுவானது என்பதும் பழைய செய்தியே. பிரதமர் பண்டாரநாயக்கவை 1959 செப்டெம்பர் 25 அன்று அவருடைய வீட்டு விறாந்தையிலே சுட்ட பௌத்த பிக்கு, ரிவோல்வரைக் காவியுடையினுள்ளே மறைத்துக்கொண்டு வந்திருந்தார். பிரதமர் அவரை வணங்கத்தான் எழுந்து நின்றார்.

காவலாளியின் துப்பாக்கி சரியாகவே வேலை செய்த சம்பவமும் உண்டு. 1989 ஜூலை 13 அன்று கொழும்பிலே தமிழ் அரசியல் தலைவர் அமிர்தலிங்கம் அவர்களின் வீட்டுக்குப் பேச வந்தவர்கள் அவரையும் யோகேஸ்வரனையும் கொன்று சிவசிதம்பரத்தைக் காயப்படுத்தினர். காவலர் உடனே சுட்டு, வந்த மூவரையும் வீழ்த்தினர். எங்கள் தொழிலாருக்குள் அந்தக் காவலரின் நிதானம் மெச்சிப் பேசப்படுவதுண்டு. ஆயினும் தலைவர்கள் இருவர் போய்விட்டார்கள். வந்தவர்களைச் சோதித்து மனம் நோகச் செய்ய வேண்டாமென்ற மரியாதையினால் வாசலிலே சோதனை நடக்கவில்லை. இடுப்பிலுள்ள ஆறு ரவைகளிலும் பதின்மூன்று ரவைகளிலும் பார்க்க, வாசலில் நடக்கும் அரைநிமிடச் சோதனை பெறுமதியானது என்பதே என் துணிபு. அதைச் சொன்னால் பிரமுகர்களுக்குக் கோபம் வரும். தம் விருந்தினரைத் தடவிப் பார்ப்பதை அவர்கள் அவமரியாதையாகக் கருதுவார்கள்.

இனி ஏற்றி இறக்கும் காரியத்துக்கு வருகிறேன். ஏனெனில் எதிரியால் வரும் அபாயம் என்றோ ஒருநாள், ஏற்றி இறக்குவதால் வரும் அபாயம் தினமும் இரண்டு தடவை. காலையில் ஆயுதக் களஞ்சியத்திற் புத்தகத்தில் ஒப்பமிட்டு, இலக்கத்தையும் ரவைகளின் தொகையையும் சரிபார்த்து எடுக்க வேண்டும். இரவில் அதேபோல ஒப்படைக்க வேண்டும். பிஸ்டலை வெறுமையாக்குவதில் ஒரே ஒரு ஒழுங்குதான் உண்டு: முதலில் மகசினைக் கழற்று, அதன் பிறகே ஸ்லைட்டை இழுத்து அறையிலுள்ள ரவையை வெளியேற்று. களைத்துப்போன ஒருவன் இந்த ஒழுங்கை மாற்றி, முதலில் ஸ்லைட்டை இழுத்துப் பிறகு மகசினைக் கழற்றினால், வெளியே விழுந்த ரவையைக் கண்டு திருப்திப்படுவான். ஸ்லைட் முன்னே பாயும்போது மகசினிலிருந்து இன்னொரு ரவையை அறைக்குள் தள்ளியிருப்பதை அறியான். கையில் மகசின், தரையில் ரவை, மனத்தில் நிம்மதி, அறையில் மரணம். உலகெங்கும் துப்பாக்கி துடைக்கும்போது வெடித்தது என்று பத்திரிகைகளில் வருகிற செய்திகளிற் பல இந்தத் தலைகீழ் ஒழுங்கின் விளைவே. ஆகையால் நாங்கள் ஸ்லைட்டைப் பின்னே பூட்டி, வெளிச்சத்தில் அறையைப் பார்த்து, பார்த்தது போதாதென்று சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவியும் பார்ப்போம். இருட்டில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. இவ்வளவையும் செய்வது மணல் நிரப்பிய பீப்பாயொன்றுக்குள் குழலை நீட்டியபடிதான். எல்லாம் முடிந்த பிறகும் அந்தத் துப்பாக்கியை ஒருவர் முகத்துக்கு நேரே திருப்புவதில்லை.

ஒரு வகைத் துப்பாக்கியில் பழகியவன் இன்னொன்றுக்கு மாறும்போது எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 1935 இல் வெளிவந்த பெல்ஜிய பிரவுனிங் பிஸ்டலில் மகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாது. அதில் வருடக்கணக்காகப் பழகியவன் மகசின் இல்லாத எந்தத் துப்பாக்கியும் செத்த பாம்பு என்று நம்பத் தொடங்குகிறான். 1980 களில் ஒஸ்திரியாவிலிருந்து வந்த குளொக் அப்படியன்று; மகசின் இல்லாமலும் அறையிலுள்ளதைச் சுட்டுவிடும். அன்றியும், அதைப் பிரித்துத் துடைப்பதற்கு முன் விசையை ஒருதரம் அழுத்தியே ஆகவேண்டும். வெறுமையா என்று பாராமல் அழுத்தியவர்களிற் சிலர் விரலை இழந்தார்கள், சிலர் பக்கத்து அறையிலிருந்தவர்களை இழந்தார்கள். ரிவோல்வரில் இத்தனை சூட்சுமம் இல்லை. சுழலறையைத் திறந்தால் ஆறு துவாரங்களும் கண்முன்னே தெரியும். வயதான என் போன்றவர்களுக்கு அதன்மேல் ஒரு பட்சபாதம் இருப்பதற்கு அதுவே காரணம்.

அறைக்குள் ரவையோடு சுமப்பதா, அறையை வெறுமையாக வைத்துச் சுமப்பதா என்பது எங்களுக்குள் ஓயாத விவாதம். வெறுமையாக வைத்தால் உருவிய பிறகு ஸ்லைட்டை இழுக்க இரண்டாவது கை வேண்டும். அந்தக் கையினால் பிரமுகரைத் தள்ளவோ, கதவைப் பிடிக்கவோ வேண்டியிருக்கும். நிரப்பி வைத்தால் ஒவ்வோர் அசைவும் கவனத்தைக் கேட்கும். கடமையிலிருக்கும் பயிற்சிபெற்ற காவலாளிக்கு நான் நிரப்பியதையும், மற்றெவருக்கும் வெறுமையானதையுமே சிபார்சு செய்வேன். அமெரிக்காவின் அரிசோனாவில் 1976 இல் பயிற்சிப் பள்ளி நிறுவிய ஜெப் கூப்பர் என்ற கடற்படைக் காலாட்படை அதிகாரி வகுத்த நான்கு விதிகளை உலகின் பல படைகளில் இன்று ஓதுகிறார்கள். அவற்றுள் எனக்கு மிகவும் உகந்தது, இலக்கில் கண் பதியும்வரை விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும் என்பது. மற்றைய மூன்றையும் ஒருவன் மறந்தாலும் இந்த ஒன்று அவனைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். விதியை அறிந்திருப்பது வேறு, கை அதை அறிந்திருப்பது வேறு. 2004 இல் புளோரிடா மாநிலத்தில் சிறுவர்கள் நிறைந்த மண்டபத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த போதைப்பொருள் தடுப்பு அதிகாரியொருவர், தம் கைத்துப்பாக்கியைக் காட்டும்போதே தம் துடையைச் சுட்டுக்கொண்டார்.

வாவிக்கரையின் உப்புக்காற்று இந்த இரும்புக்குப் பெரிய சத்துரு. அதோடு வியர்வையும் சேர்ந்துவிட்டால், காலையில் பளபளத்த பின்சட்டத்தில் இரவிலே சிவந்த பொட்டுக்கள் தோன்றிவிடும். எண்ணெயை அள்ளிப் பூசுவதும் ஆகாது. மிகுந்த எண்ணெய் தூசியைப் பிடிக்கும், ரவையின் அடிப்பொட்டுக்குள் ஊறி அதை நமத்துப்போகச் செய்யும். பழைய சேட்டுத் துணியில் ஒரு துளி விட்டுத் துடைத்தால் போதும். தோலுறையிலோ தோற்பட்டியிலோ ரவைகளை நாட்கணக்கில் விட்டால், தோல் பதனிட்ட அமிலத்தினால் பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த ரவை அறைக்குள் சிக்கிக்கொள்ளும். இன்னுமொரு நுட்பமுண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. தினமும் ஏற்றி இறக்கும்போது மகசினின் உச்சியிலுள்ள அதே ரவைதான் திரும்பத் திரும்ப அறைக்குள் மோதுகிறது. மோதிமோதி அதன் ஈயமுனை கோதுக்குள்ளே சிறிது சிறிதாக அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த ரவை வெடிக்கும்போது உள்ளழுத்தம் அளவுக்கு மீறி ஏறித் துப்பாக்கியையே பிளக்கக்கூடும். ஒரு புது ரவையை அதன் அருகே நிறுத்தி உயரம் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தெரிந்தவுடன் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

மலசலகூடத்தைப் பற்றி எழுதுவது சபைக்கு ஏற்றதன்று என்றாலும், எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பூரணமாகாது. பட்டியை அவிழ்க்க வேண்டிய இடம் அது ஒன்றே. ஆணியில் தொங்கவிட்டவர்களும், தண்ணீர்த்தாங்கியின் மேல் வைத்தவர்களும் மறந்துவிட்டு வெளியே வருவார்கள். இது நம் நாட்டாருக்கு மட்டும் உரிய குறைபாடன்று. 2020 பெப்ரவரியில், பிரித்தானிய முன்னாள் பிரதமர் டேவிட் கமரனின் மெய்ப்பாதுகாவலர் நியூயோர்க்கிலிருந்து லண்டன் புறப்படவிருந்த விமானத்தின் கழிவறையில் தம் கைத்துப்பாக்கியை விட்டுவிட்டு வர, ஒரு பிரயாணி அதைக் கண்டெடுத்துக் கொடுத்தார். நாங்கள் கையாண்ட முறை, உறையிலிருந்து எடுக்காமல், அவிழ்த்த காற்சட்டைக்குள்ளே கால்களுக்கிடையிற் கிடத்திக்கொள்வது. எழும்பும்போது அதைத் தூக்காமல் எழும்பவே முடியாது.

இடுப்பில் ஆயுதம் இருக்கிறவன் வாய்ச்சண்டையில் தோற்கப் பழக வேண்டும். பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்துவிட்டு எதிர்த்துப் பேசினாலும், காணி எல்லையில் பக்கத்து வீட்டான் தூஷித்தாலும் பேசாமல் திரும்பிவிட வேண்டும். ஏனென்றால் அடிபிடியாகிவிட்டால் அங்கே இருப்பது ஒரே துப்பாக்கி, அது இருவரில் யாருடைய கைக்கும் போகலாம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை 89 ஆம் பிரிவிலிருந்து விரிவாகச் சொல்லுகிறது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேற்பட்ட தீங்கைச் செய்ய அந்த உரிமை இடங்கொடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. அந்த அளவைச் சுடுகிறவன் ஒரு விநாடியில் தீர்மானிக்க, நீதிமன்றம் வருடக்கணக்காக ஆராயும். 2021 ஜூனில் எங்கள் மட்டக்களப்பு நகரிலேயே, இராஜாங்க அமைச்சர் ஒருவரின் வீட்டு வாசலில் மெய்ப்பாதுகாவலரின் துப்பாக்கிக்கு ஒரு சாரதி பலியானார், காவலர் கைதுசெய்யப்பட்டார். அவ்வழக்கின் நியாய அநியாயத்தை நான் பேசவில்லை.

ஆயுதம் கைமாறுவதைப் பற்றியும் எங்கள் பகுதிக்குத் தெரியும். 2018 நவம்பர் 30 அன்று அதிகாலை வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த கான்ஸ்டபிள்கள் இருவர் கொல்லப்பட்டு, அவர்களுடைய ஆயுதங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. முன்னாள் போராளியொருவர் மேல் சந்தேகம் விழுந்து அவர் தடுத்து வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரே, அக்கொலைகளைச் செய்தது, அத்தாக்குதலை நடத்திய சஹ்ரானின் கூட்டம் என்று வெளிப்பட்டது. எனக்கு அந்தக் கான்ஸ்டபிள்களை நேரில் தெரியாது. இரவுக் கடமையில் இருவராக நிற்பதன் தனிமையை நன்றாகத் தெரியும்.

ஓய்வுபெற்ற பின்னர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்களில் நகரத்து நகைக்கடை முதலாளி ஒருவரை இங்கே நினைவுகூரலாம். கொள்ளைக்காரருக்கு அஞ்சி, ஒரு பிஸ்டலுக்குப் பாதுகாப்பு அமைச்சிடம் விண்ணப்பிக்க நினைத்திருந்தார். பயிர்க்காவல் துவக்குக்கு மாவட்டச் செயலகம், தற்காப்புப் பிஸ்டலுக்கு அமைச்சு. இரண்டுக்கும் மூலம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் என்பதை அவர் விசாரித்து வைத்திருந்தார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "மேசை லாச்சிக்குள்ளதான் சேர், காசோட" என்றார். அந்த லாச்சியை யார் யார் திறப்பார்கள் என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை, மகன், மருமகன், சில வேளை தேநீர் வாங்கப் போகும் பொடியன் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவிலே தாமாகவே நிறுத்திவிட்டார். இரவில் சிறிது குடிக்கும் வழக்கமும் அவருக்கிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு இரும்புக் கிராதி போடுங்கள், அந்திக்கு முன்னே பூட்டுங்கள், பணத்தை ஒரே நேரத்தில் ஒரே பாதையில் வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றேன். துப்பாக்கி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் உடம்போடு சுமக்கச் சம்மதமில்லாதவருக்கு அது ஆகாதென்றே சொன்னேன். அவருக்கு என்மேல் சிறிது வருத்தம்தான்.

2024 நவம்பரில், தற்காப்புக்கென்று தனியாருக்கு வழங்கிய சுடுகலன்களையெல்லாம் மீளாய்வுக்காக வெலிசறைக் கடற்படை முகாமில் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்தது. அது நல்ல காரியம் என்பதே என் அபிப்பிராயம். அச்சம் தீர்ந்த பிறகும் ஆயுதம் வீட்டிலே கிடப்பதுதான் நம்மிடையே பழைய வியாதி. அனுமதிப்பத்திரக்காரர் காலமாகி, அந்தியேட்டியும் முடிந்து, அலுமாரிக்குள் துணியில் சுற்றிய துவக்கோ பிஸ்டலோ கிடந்தால், அது நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டுமென்று அதைத் தொடாதீர்கள். பிள்ளைகளை அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்தி, கதவைப் பூட்டிவிட்டு, கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, வந்து எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். பையில் போட்டுக்கொண்டு நீங்களே பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம்.